பாதையில் ஏறினவர்கள்

பிளேன்ல முன்சீட்டைச் சாய்க்கலாமா கூடாதா என்ற சண்டை வருசத்துக்கு நாலு தடவையாவது ஃபோனில் வந்து போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உம்மம்மாவின் ஞாபகம்தான். அவ பிளேன் ஏறினதே இல்ல. ஆனா நெரிசலுக்குள்ள எப்படிப் பயணம் போறது என்று அவவிடம் ஒரு முழுச் சட்டமே இருந்தது.

கிண்ணியாவில் "பாதை" என்றால் ரோட்டு இல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற தட்டையான மிதவை. தம்பலகாமக் குடாவும் கொட்டியாரக் குடாவும் சந்திக்கிற இடத்தில், 2009 ஒக்டோபர் 20இல் பாலம் திறக்கும்வரை, திருகோணமலை டவுனுக்கு அதுதான் நேர்வழி. இல்லாட்டி கந்தளாய்ப் பக்கமாகச் சுற்றணும்.

உம்மம்மா சொன்ன சட்டம் இதுதான்: நோயாளியும் பிள்ளைத்தாச்சியும் முதல்ல ஏறணும். பிள்ளைகள் நடுவில. கரை கிட்டினதும் எல்லாரும் முன்பக்கம் ஓடக் கூடாது. நான் இதை வெறும் மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். பிறகுதான் விளங்கிச்சு, அதில் பாதி பௌதிகவியல். ஆட்கள் எழும்பி நின்றால் பாரத்தின் மையம் உயரும். ஒரு பக்கம் ஒதுங்கினால் மிதவை அந்தப் பக்கம் சரியும். பிளேனில் முழங்கை இடிச்சா கோபம்தான் வரும், இங்க தண்ணி வரும்.

நோயாளிக்கு இடம் விடுறதும் சும்மா இல்ல. 2004 சுனாமியில் கடற்கரையோரம் இருந்த கிண்ணியா வைத்தியசாலையே அழிந்துபோனது. பெரியாஸ்பத்திரி அக்கரையில்.

சவூதியின் கடனுதவியில் கட்டிய பாலத்தின் நீளம் 396 மீட்டர். திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் அதுதான். அந்த வருசம் நான் முதலாம் வகுப்பு. பாதையின் கதை முடிஞ்சுது என்றுதான் ஊரே நினைத்தது.

முடியல. குறிஞ்சாக்கேணியில் புதுப்பாலம் கட்டும் வேலை நடந்ததால், சனம் மறுபடியும் இழுவைப் படகில் ஏற வேண்டி வந்தது. 2021 நவம்பர் 23, காலை, பள்ளிக்கூடம் போற நேரம். அந்தப் படகு கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு பேர் மௌத்து. அதில் நாலு பேர் பிள்ளைகள்.

அதற்குப் பிறகு ஒரு பேச்சு கிளம்பியது: "சனம் அளவுக்கு மீறி ஏறினதுதானே." இந்த இடத்தில்தான் எனக்கு உம்மம்மாவின் சட்டமே போதாமல் போகுது. சோதனைக்கு நேரமாகிற பிள்ளை, அடுத்த தரம் வாறன் என்று கரையில் நிற்குமா? எத்தனை பேர் ஏறலாம் என்று எண்ண வேண்டியது பயணியா, படகை ஓடவிட்டவர்களா?

2014 ஏப்ரல் 16இல் தென்கொரியாவில் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் சுற்றுலா போன பாடசாலை மாணவர்கள். அனுமதித்ததை விட மிக அதிகமான சரக்கு அதில் ஏற்றப்பட்டிருந்தது. கப்பல் சரியும்போது, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் இருந்தார்கள். அதைவிட ஒழுங்கான பயணிகளை எங்க தேடுறது?

போன மாதம் உம்மாவோட பாலத்தால டவுனுக்குப் போனன். பஸ்ஸில் கால் வைக்க இடமில்ல. ஒரு பிள்ளைத்தாச்சி ஏறினதும் நாலு பேர் எழும்பினாங்க. உம்மா சன்னலால தண்ணியைப் பார்த்துக்கொண்டு, பழக்கத்தில் என்னை நடுப்பக்கம் இழுத்து விட்டா.