வன்னி மன்றமும் ஜம்மி இலையும்

தசரா மாலையில் செகந்திராபாத்தின் மெட்டுகுடாவிலும் லாலாகுடாவிலும் தெருவெங்கும் ‘பங்காரம்’ கைமாறும். தெலுங்கில் பங்காரம் என்றால் தங்கம். கையில் வைப்பதோ நாலைந்து பொடி இலைகள்தான். இளையவர்கள் அதைப் பெரியவர்கள் கையில் வைத்துக் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். ஒத்த வயதுக்காரர்கள் ‘அலாய் பலாய்’ என்று கட்டித் தழுவிக்கொள்வார்கள். அதற்கு முன்பே ஜம்மி மரத்தைப் போய்ச் சுற்றி, ஒரு துண்டுத்தாளில் சுலோகத்தையும் வீட்டார் பெயர்களையும் எழுதிக் கிளையில் கட்டிவிட்டு வந்திருப்பார்கள். வழியில் பாலபிட்டா, அதாவது நம்மூர்ப் பனங்காடை, கண்ணில் பட்டால் அந்த ஆண்டு நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை.

ரயில்வே வேலையையும் செகந்திராபாத் படைக் குடியிருப்பையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் தலைமுறைகளாக இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் வாயில் ‘ஜம்மி செட்டு’ என்பதுதான் முதலில் வரும். அதே மரத்துக்குத் தமிழில் வன்னி என்று பெயர். பெயர் இவ்வளவு விலகிவிட்டதால் மரமே வேறு என்று எண்ணிவிடுவது எளிது. உண்மையில் இலையைத் தங்கமாகக் கொள்ளும் வழக்கமும் தமிழுக்குப் புதிதில்லை.

அதைப் பார்க்க விருத்தாசலம் போகவேண்டும். சென்னை–திருச்சி கார்டு லைனில் இருக்கும் இந்த ஜங்ஷனை ரயில்வே குடும்பங்கள் நன்றாக அறியும். தேவாரம் திருமுதுகுன்றம் என்று பாடிய ஊர் இது. பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. விபசித்து முனிவர் இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தபோது, கூலியாக வன்னி இலைகளை உருவிக் கொடுத்தாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அந்த இலை பொற்காசாக மாறியது என்கிறது தலபுராணம். உழைக்காதவன் கையில் அது இலையாகவே இருந்திருக்கும். தலமரக் கதைகளில் வரமும் சாபமும் நிறைய வரும். கூலிக் கணக்கு வருவது அபூர்வம். சுந்தரர் இங்கே பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதையும் இவ்வூருக்கே உரியது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற பழமொழியைக் கேட்கும்போது பலருக்கும் நினைவுக்கு வருவது இந்தக் கதைதான்.

மரத்தை அருகே நின்று பார்த்தால் இலை ஏன் காசாயிற்று என்பது விளங்கும். ஒரு காம்பில் சிறகு சிறகாகப் பிரிந்து, ஒவ்வொரு சிறகிலும் நகக்கண் அளவுகூட இல்லாத இலைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். காம்பைப் பிடித்து உருவினால் உள்ளங்கையில் சில்லறைபோலக் கொட்டும். நிறம் சாம்பல் பூத்த பச்சை. பட்டை வெடித்து, சொரசொரவென்று இருக்கும். கிளைகளில் குட்டையான, நேரான முள். மற்ற மரங்கள் வாடும் கோடையில்தான் வன்னி தளிர்க்கும். வேர் அவ்வளவு ஆழம் போகிறது.

இன்று கோயிலுக்குள் நிற்கும் இந்த மரம் தமிழ் நூல்களில் முதலில் தென்படும் இடம் இடுகாடு. பதிற்றுப்பத்தில், மன்னர்களைத் தாழியில் இட்டுப் புதைத்த காட்டைச் சொல்லுமிடத்தில் ‘வன்னி மன்றம்’ வருகிறது. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தின் சுடுகாட்டு வருணனையிலும் அதே சொல். அங்கே மரங்களின் பெயரால் மன்றங்கள் இருக்கின்றன: வாகை மன்றம், விளா மன்றம், இலந்தைக்கு இரத்தி மன்றம், அவற்றோடு வன்னி மன்றம். சுடலையில் நோன்பிருப்பவர்கள் தீமூட்டிச் சமைக்கும் இடமாக வன்னி மன்றம் காட்டப்படுகிறது. மன்றம் என்றால் ஊர் கூடும் மரத்தடி. செத்தவர்கள் ஊருக்கும் ஒரு மன்றம் இருந்தது, அதற்கு நிழல் தந்தது வன்னி.

மகாபாரதத்து விராட பருவமும் இதே இடத்தில்தான் மரத்தை வைக்கிறது. அஞ்ஞாதவாசத்துக்குப் போகும் பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்த மரம் சுடுகாட்டருகே நின்ற சமி, அதாவது வன்னி. யாரும் நெருங்காதிருக்க ஒரு பிணத்தையும் அதில் கட்டித் தொங்கவிட்டு, நூற்றெண்பது வயதில் இறந்த எங்கள் தாய் என்று சொல்லிவைத்தார்கள். ஓராண்டு கழிந்து அதே மரத்திலிருந்து இறக்கிய காண்டீபத்தை அர்ச்சுனன் கையில் எடுத்தான். தசராவில் மரத்தை வலம்வருவதற்குச் சொல்லப்படும் காரணம் இந்தக் கதைதான். தேவாரத்தில் சிவனின் சடையில் கொன்றையோடும் ஊமத்தையோடும் வன்னி சேர்ந்து வருவதையும் இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். சுடுகாட்டில் ஆடுகிறவன் அங்கே கிடைக்கும் தழையைத்தானே சூடுவான்.

இனிப் பெயருக்கு வருவோம். தமிழில் வன்னி என்ற சொல்லுக்கு மரம், நெருப்பு என இரண்டு பொருள். நெருப்பைக் குறிப்பது வடமொழி ‘வஹ்னி’யின் தமிழ் வடிவம். மரத்துக்கும் நெருப்புக்கும் உறவு இல்லாமலில்லை: வேள்வித் தீயைக் கடையும் அரணிக்கு, வன்னிமேல் முளைத்து வளர்ந்த அரசின் கட்டையே சிறந்தது என்று சொல்வார்கள். சோழநாட்டுத் திருவன்னியூரில் இறைவன் பெயர் அக்னிபுரீசுவரர். அங்கே மரமும் தீயும் ஒரே பெயருக்குள் கலந்துவிட்டன. ஆனால் வடமொழியில் மரத்துக்கு வழங்கும் பெயர் சமி. அந்தச் சொல்லைத் தணித்தல் என்னும் பொருளுள்ள வேரோடு சேர்த்து விளக்குவது அங்கே மரபு. ஒரே மரத்தை அங்கே தணிப்பது என்கிறார்கள், இங்கே தீ என்கிறோம்.

கன்னடத்தில் இதன் பெயர் தமிழோடு ஒட்டியது. தமிழின் சொல்முதல் வகரம் கன்னடத்தில் பகரமாவது வழக்கம்: வா என்பது அங்கே ‘பா’, வில் ‘பில்’. அதே முறையில் வன்னி ‘பன்னி’ ஆயிற்று. மைசூர் தசரா ஊர்வலம் போய்ச் சேரும் பன்னிமண்டபம் இந்த மரத்தின் பெயரால் அமைந்த இடம். மன்னராட்சிக் காலத்தில் அரசர் அங்கே மரத்தை வணங்குவது மரபாக இருந்தது. கர்நாடகத்திலும் தசராவன்று இலையைப் பொன்னாகக் கொடுத்து வாழ்த்திக்கொள்வார்கள். தெலுங்கு மட்டும் சமியை எடுத்து ஜம்மி ஆக்கிக்கொண்டது. வடமொழி நெருப்புக்கு வைத்த சொல்லை, தமிழும் கன்னடமும் சேர்ந்து மரத்துக்கு வைத்திருக்குமா? மரப்பெயர் தெற்கில் முன்பே இருந்து, வஹ்னி பின்னால் வந்து ஒலியொற்றுமையால் அதனோடு ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

தமிழ்நாட்டுக் கோயில்களில் விஜயதசமியன்று இந்த மரம் அம்பு வாங்கும் மரம். சாமி குதிரை வாகனத்தில் வரும். வன்னிக் கிளையை நட்டுவைத்து அர்ச்சகர் நாலு திசைக்கும் அம்பு விடுவார். பழனியில் இது கோதைமங்கலத்தில் நடக்கிறது. வதைபடும் அசுரனின் பெயரே வன்னிகாசூரன். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மகர்நோன்பு என்பார்கள், அதற்கென்றே மகர்நோன்புப் பொட்டல் உண்டு. யாழ்ப்பாணத்தில் மானம்பூ, வாழைவெட்டுதான் அங்கே முதன்மை. பிள்ளையாருக்கு உரிய தழைகளிலும் வன்னி இருக்கிறது. விநாயக சதுர்த்திக்கு ஐதராபாத் சந்தைகளில் கட்டிவிற்கும் இருபத்தோரு பத்திரிகளில் அது ஜம்மியாக வரும்.

தெலங்கானா உருவான 2014ஆம் ஆண்டிலேயே ஜம்மி மாநில மரமாகவும் பாலபிட்டா மாநிலப் பறவையாகவும் அறிவிக்கப்பட்டன. பெருமை கிடைத்தது, நகரத்துக்குள் மரம் அருகிவிட்டது. தசராவன்று மரத்தைத் தேடிப்போக முடியாமல் கிளையை வாங்கிவந்து நட்டுக் கும்பிடும் பேட்டைகள் பல. ஒரே நாளில் ஆயிரம் கைகள் உருவினால் இருக்கிற மரமும் மொட்டையாகும். 2021இல் ‘ஊரூருக்கு ஜம்மி செட்டு, குடிகுடிக்கு ஜம்மி செட்டு’ என்று ஓர் இயக்கம் தொடங்கியது. தெலுங்கில் குடி என்றால் கோயில். ஊருக்கொன்று, கோயிலுக்கொன்று நடவேண்டும் என்பது அதன் வேண்டுகோள். வேண்டிய காரியம்தான். கோயில் வாசலில் சிமெண்டுத் தளம் போடுவதற்கு இருக்கும் ஆர்வத்தில் பாதி இதற்கு இருந்தால் போதும்.

இந்த மரத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் ராஜஸ்தானில் உண்டு. அங்கே இதன் பெயர் கேஜ்ரி. 1730இல் ஜோத்பூர் அரண்மனைக்கு விறகு வெட்ட வந்த ஆட்களைத் தடுக்க, கேஜட்லி கிராமத்தில் அமிர்தா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டார். அவரையும் சேர்த்து 363 பிஷ்னோய் மக்கள் வெட்டுண்டு இறந்தார்கள். காய்ந்த நாட்டில் மாட்டுக்குத் தழையும், மனிதருக்குச் சாங்கிரி என்ற காயும் தருவது இந்த மரமே. கடல் தாண்டினால் இதே மரம் அரபியில் காஃப். ஐக்கிய அரபு அமீரகம் 2008இல் இதைத் தேசிய மரமாக ஏற்றது. பஹ்ரைன் பாலைவனத்தில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாகத் தனியே நிற்கும் ‘உயிர் மரம்’ என்பதும் வன்னிதான். வளைகுடாவில் வேலைபார்க்கும் தமிழர்கள் தினமும் தாண்டிப்போகும் சாலையோர மரம், ஊர்க் கோயிலில் சுற்றிக் கும்பிட்ட மரமாக இருக்கலாம்.

தமிழ்நாட்டில் வன்னிக்கு ஒரு தொல்லை உறவின் வழியாக வந்தது. சீமைக்கருவேலமும் இதுவும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஒன்றைப் போலவே மற்றதும் முள்ளும் சிற்றிலையுமாக இருப்பதால், சீமைக்கருவேலத்தை வெட்டும்போது வன்னியும் சேர்ந்து வெட்டுப்படலாம். 1767இல் லின்னேயஸ் அந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது அவர் முன் இருந்தது நம் வன்னி. 2022இல் தாவரவியலாளர்கள் பேரினத்தைப் பிரித்துச் சீமைக்கருவேலத்தை வேறு பெயருக்கு மாற்றினார்கள். பழைய பெயர் வன்னியிடமே தங்கிவிட்டது. சீமைக்கருவேலத்தை அழிக்க ஆள் விடுகிறவர்கள் முள்ளைப் பார்த்து ஏமாறாமல் பூவைப் பார்த்து, காயைப் பார்த்து, உள்ளூர்ப் பெரியவர் ஒருவரையும் கேட்டுக்கொண்டு வெட்டுவது நல்லது.

மெட்டுகுடா மாதிரி இடத்தில் ஒரு கன்று வைக்க நினைப்பவர்கள் கோடை முடியும்போது பழுத்த காயிலிருந்து விதை எடுக்கலாம். விதைத்தோல் கெட்டி என்பதால் ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து ஊன்றவேண்டும். முதல் சில ஆண்டுகள் மேலே பெரிதாக வளர்ச்சி தெரியாது, வேர்தான் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். ஆடு மாடு கடிக்காமல் கூண்டு போட்டு, அந்த ஆண்டுகளில் தசராவுக்கு அதன் இலையை யாரும் உருவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.