சனிக்கிழமைக்கு அடுத்து ஏன் ஞாயிறு?

நாளைக்கு என்ன கிழமைன்னு கேட்டா உடனே சொல்லிடுவீங்க. ஆனால் கிழமைகள் ஏன் இந்த வரிசையில் வருகின்றன என்று யோசித்ததுண்டா?

தொலைநோக்கி இல்லாத காலம். நட்சத்திரங்களுக்கு இடையே இடம் மாறிக்கொண்டே இருந்தவை ஏழு. பாபிலோனியர்கள் அவற்றின் நகர்வைக் களிமண் பலகைகளில் குறித்து வைத்தார்கள்.

பூமியே நடுவில் இருப்பதாக நம்பிய கிரேக்க அறிஞர்கள், அந்த ஏழையும் வேகப்படி வரிசைப்படுத்தினார்கள். வானத்தை ஒருமுறை சுற்றிவர சுமார் 29 ஆண்டு எடுக்கும் சனி முதலில். சுமார் 27 நாளில் சுற்றிவிடும் சந்திரன் கடைசியில்.

வரிசை இதுதான்: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன்.

ஒரு நாளை 24 மணி நேரமாகப் பிரித்தது எகிப்தியர்களின் வழக்கம். ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு கோள் ஆள்கிறது என்றது சோதிடம். முதல் மணி நேரம் எந்தக் கோளுக்கோ, அதன் பெயரே அந்த நாளுக்கு.

இப்போ விரல்விட்டு எண்ணிப் பாருங்க. சனியில் தொடங்கினால் 25ஆவது மணி நேரம், அதாவது மறுநாளின் முதல் மணி நேரம், சூரியனுக்கு. அதனால் ஞாயிறு. அங்கிருந்து மீண்டும் எண்ணினால் திங்கள்!

இந்த விளக்கத்தை ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதி வைத்திருக்கிறார். 'சாட்டர்டே, சண்டே, மண்டே'யும் இதே வரிசைதான். மலாய் மொழியின் 'இஸ்னின்' மட்டும் வேறு வழி. அது அரபு மொழியில் 'இரண்டு' என்பதிலிருந்து வந்தது.

சூரியனே மையம் என்று கோப்பர்னிக்கஸின் நூல் 1543இல் சொன்னது. பழைய வானப்படம் மாறிவிட்டது. அதிலிருந்து பிறந்த வாரம் இன்னும் உங்கள் கைத்தொலைபேசி நாள்காட்டியில் அப்படியே இருக்கிறது.