மாத்தளையில் மின்சாரக் கார்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

போர்க்காலத் தடையில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்களுக்கும் 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கும் மின்சாரக் காரில் ஆர்வம் வருவது இயல்பு. ஆனால் அதே 2022 இல் 13 மணிநேர மின்வெட்டும் இருந்தது.

தூரம்: 24 கிலோவாற் மணி பற்றரி கொண்ட பழைய நிசான் லீஃப், புதிதில் சுமார் 135 கி.மீ. ஓடியது. அதன் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. வெப்பத்தில் தேய்மானம் கூடும். கொள்ளளவு 60 சதவீதமாகக் குறைந்தால் 80 கி.மீ. தான். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போய்வரவே சுமார் 90 கி.மீ. 40 கிலோவாற் மணி லீஃப் புதிதில் 240 கி.மீ. வரை ஓடும். 60 கிலோவாற் மணி பிவைடி அட்டோ 3 க்கு நிறுவனம் சொல்வது 420 கி.மீ.; மலைப்பாதையிலும் குளிரூட்டி போட்டாலும் குறையும். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 300 கி.மீ.

மின்னேற்றம்: வீட்டின் 13 அம்பியர் செருகியில் சிறிய பற்றரி நிரம்பச் சுமார் 10 மணிநேரம், பெரியதற்கு 20 மணிநேரத்துக்கு மேல். 7 கிலோவாற் கருவி பொருத்தினால் பெரியதும் ஓரிரவில் நிரம்பும். அதற்குமுன் வயரிங்கையும் புவித்தொடுப்பையும் மின்னியலாளரிடம் காட்டுங்கள். பல வீடுகளுக்குப் பொதுவான பழைய இணைப்புள்ள லயன்களில் இது ஆபத்து.

செருகி: லீஃபின் விரைவு மின்னேற்றத்துக்குச் சாடெமோ செருகி, அட்டோ 3 இன் ஏற்றுமதி மாதிரிக்கு சிசிஎஸ்2. ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. ஏ9 வீதியில் புறப்படுமுன் நிலையத்துக்கு அழைத்து, உங்கள் செருகி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள்.