வெள்ளையாகும் பவளப்பாறை... ராமேஸ்வரம் கடல் சூடாவது ஏன்? மாணவர்களுக்கு எளிய விளக்கம்

'புவி வெப்பமயமாதல்' என்று பள்ளியில் ப்ராஜெக்ட் கொடுத்தால் உடனே பனிக்கட்டி மேல் நிற்கும் துருவக் கரடி படத்தை ஒட்டிவிடுகிறோம். ராமநாதபுரம் மாவட்ட மாணவருக்கு அந்தக் கரடி தேவையே இல்லை. மண்டபம், பாம்பன் கரையிலிருந்து கொஞ்ச தூரம் படகில் போனால், அதே பாடம் கடலுக்கடியில் இருக்கிறது.

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் பகுதி, 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குருசடை, முயல் தீவு, மனோலி எல்லாம் இதில் வரும். இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் பவளப்பாறைகள் வளர்கின்றன.

பவளம் வெளுப்பது ஏன்?

பெயரில் பாறை இருந்தாலும் பவளம் ஓர் உயிரினம். அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கும். சூரிய ஒளியில் அவை உணவு தயாரித்து பவளத்துக்கும் பங்கு கொடுக்கும். பவளத்தின் நிறத்துக்குப் பெரும்பாலும் அந்தப் பாசிதான் காரணம்.

கோடையில் கடல் நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி பல நாட்கள் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் வெள்ளை எலும்பு தெரியும். இதுதான் வெளுத்தல். வெளுத்த உடனே செத்துவிடாது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்ப வந்துவிடும். குளிரவில்லை என்றால் பட்டினிதான்.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்தது. 2016-ல் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்குக் குறைந்ததாக, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு பதிவு செய்தது. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்க நான்காவது பெரும் வெளுத்தல் நடப்பதாக அமெரிக்கக் கடல்-வளிமண்டல அமைப்பான நோவா அறிவித்தது.

பாறை போனால் மீன் குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம் போச்சு. கரைக்கு வரும் அலையின் வேகத்தை உடைக்கும் தடுப்பும் போச்சு.

கடலை சூடாக்குவது யார்?

மேகமூட்டமான ராத்திரியில் வெக்கை குறையாது, கவனித்திருப்பீர்கள். பகலில் தரை வாங்கிய வெப்பம் மேலே போக முடியாமல் மேகம் மறித்துக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்களும் இதேபோல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இவற்றைத்தான் பசுமை இல்ல வாயுக்கள் என்கிறோம். இவை இல்லவே இல்லை என்றாலும் ஆபத்துதான். பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரிக்குப் போய்விடும். பிரச்சினை, அளவு மீறியது.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பது முக்கியக் காரணம், அடுத்தது காடழிப்பு. 12 கிலோ சுத்தமான கரி முழுதாக எரிந்தால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். எடை எப்படிக் கூடுது? காற்றிலிருந்து 32 கிலோ ஆக்சிஜன் வந்து சேர்ந்துகொள்கிறது.

இப்படிச் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது.

சூரியனே அதிகம் சுடுகிறதோ என்று யாராவது கேட்டால் பதில் இருக்கிறது. சூரியன் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகணும். ஆனால் கீழடுக்கு சூடாகுது, மேலடுக்கு குளிர்கிறது. வெப்பம் கீழேயே சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

எல் நினோ என்ன செய்கிறது?

1998, 2010, 2016, 2024 நான்குமே எல் நினோவை ஒட்டிய ஆண்டுகள். எல் நினோ இயற்கையாக வந்து போவது. ஆனால் விளிம்பு வரை நிரம்பிய பானையில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினால் வழியத்தானே செய்யும்!

விடைத்தாளில் எழுதக்கூடாதவை

ஓசோன் ஓட்டையால்தான் பூமி சூடாகிறது என்பது பலரும் எழுதும் தவறு. அது வேறு பிரச்சினை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலையும் புவி வெப்பமயமாதல் கணக்கில் எழுத வேண்டாம். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி தீவுகள் மூழ்கியதற்கும் கடல் மட்ட உயர்வை மட்டும் காரணம் சொல்ல முடியாது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததில் நம் பங்கு பெரிது.

பாம்பன் மீனவர் குற்றவாளியா?

விசைப்படகு டீசலும் கணக்கில் வரும், மறுக்க முடியாது. ஆனால் இதுவரை சேர்ந்த கார்பனில் பெரும்பங்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் விட்டது. இந்தியரின் தலைக்குரிய பங்கு இன்றும் உலக சராசரியைவிடக் குறைவு. அதேநேரம், இதே வளைகுடாக் கரையில் தூத்துக்குடியில் 1,050 மெகாவாட் அனல் மின் நிலையம் நிலக்கரியில் ஓடியது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. ப்ராஜெக்டில் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டலாம்.

உலக வெப்பம் 1.5 டிகிரி கூடினால் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் வரை அழியும், 2 டிகிரி என்றால் ஏறக்குறைய எல்லாமே போகும் என்று ஐநாவின் ஐபிசிசி குழு 2018-ல் சொன்னது. 2024-ல் அந்த 1.5-ஐ ஓராண்டு சராசரியாக உலகம் முதல்முறை தாண்டியது. மன்னார் வளைகுடாவில் உடைந்த பவளத் துண்டுகளை கான்கிரீட் கட்டமைப்புகளில் கட்டி மறுபடி வளர்க்கும் வேலை நடந்துவருகிறது. உருண்டை வகைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும்.