128 இடங்களும் 247 எழுத்துகளும்



இன்று ஜெலுத்தோங்கிலிருந்து அனுப்பும் தமிழ்க் கடிதம் எவ்வூர்க் கணினியிலும் தெளிவாகத் தெரிகிறது. 1990களின் நடுவில் நிலைமை வேறு. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லையெனில், கடிதம் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து, பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் கூடித் தங்கள் தேவைகளை விவாதித்தனர். நம் நாட்டு முத்து நெடுமாறனும் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரமும் அப்பணியில் முக்கியப் பங்காற்றினர். அதன் விளைவே 'திஸ்கி' குறியீடு. பலரிடம் கேட்டுத் திரட்டும் இம்முறைக்கு 'கிரவுட்சோர்சிங்' என்னும் பெயர் 2006இல்தான் வந்தது.

கணினி அளித்த 256 இடங்களில் ஆங்கிலத்திற்கு 128 போக, எஞ்சியவை 128. தமிழ் எழுத்துகளோ 247! ஆகவே கு, கூ போன்றவை முழு எழுத்துகளாக இடம்பெற்றன. கா, கெ போன்றவை துணையெழுத்துகளைச் சேர்த்து அமைக்கப்பட்டன. கிரந்த எழுத்துகளுக்கும் தமிழ் எண்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

ஆயினும் 1999இல் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் வேறு குறியீடுகளை ஏற்றது. பலரையும் கேட்பது ஒன்று. அனைவரையும் இணங்கச் செய்வது வேறு. ஒருங்குறி பரவிய பின்னரே அப்பிளவு மறைந்தது.

இருப்பினும், அன்று பேசியோர் ஒவ்வோர் எழுத்தாக எடுத்துச் சொன்னதால்தான் வேலை நடந்தது. கற்றல் மென்பொருள் செய்வோர் நம்மிடம் கருத்துக் கேட்கும்போது, "கடினமாக உள்ளது" என்பதோடு நிறுத்த வேண்டாம். பிள்ளை எந்த எழுத்தில், எந்த விசையில் தடுமாறுகிறது என்பதைக் குறித்துக் கொடுப்போம்.