டேபிள் டென்னிஸ்ல என்னய்யா அடி படும்?

போன மாசம் ஆபீஸ் மாடியில் டேபிள் டென்னிஸ் ஆடினதுல வலது தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. தலை வாரக்கூட கையைத் தூக்க முடியலை. பக்கத்து சீட்டு நண்பர்கிட்ட புலம்பினப்போ அவர் கேட்ட கேள்விதான் மேலே இருக்கிற தலைப்பு.

நியாயமான கேள்விதான். யார் மேலயும் யாரும் மோதறதில்லை. பந்து வெறும் 2.7 கிராம். ஆனா வலியோட உட்கார்ந்து இந்த ஆட்டத்தோட பழைய கதைகளைப் படிச்சதுல ஒண்ணு புரிஞ்சுது. பந்தும் மட்டையும் மாறும்போதெல்லாம் உடம்புல வலிக்கிற இடமும் மாறியிருக்கு.

1936, பிராக் நகரம். போலந்தின் எர்லிக்கும் ருமேனியாவின் பானெத்தும் உலகப் போட்டியில மோதினாங்க. ரெண்டு பேரும் பந்தை மெல்லத் தள்ளிக்கிட்டே இருந்ததுல முதல் பாயிண்ட் முடியவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தே நடுவருக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு, ஆளை மாத்தினாங்கன்னு சொல்வாங்க. ஆக, இந்த ஆட்டத்தின் மிகப் பிரபலமான காயம் நடுவருக்கு! :-) அப்புறம் வலையின் உயரத்தைக் குறைச்சாங்க, நேரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

1952ல் பம்பாயில் நடந்த உலகப் போட்டிக்கு ஜப்பானின் சாட்டோ ஸ்பாஞ்ச் ஒட்டின மட்டையோட வந்து பட்டத்தைத் தட்டிக்கிட்டுப் போனார். ஆட்டம் வேகம் பிடிச்சுது. கொஞ்ச வருஷத்துல பந்தைச் சுழற்றி ஏத்துற டாப்ஸ்பின்னும் வந்தாச்சு. அது மணிக்கட்டு வேலை மட்டுமில்லை. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோள் வழியா முழங்கைக்கு விசையைக் கடத்தணும். மேஜையோ 76 செ.மீ. உயரம்தான். முழங்காலை மடக்கி, குனிஞ்ச நிலையிலேயே பக்கவாட்டில் ஓடணும். அதையே தினமும் ஆயிரக்கணக்கான தடவை செஞ்சா முழங்கால், கீழ்முதுகு, தோள் எல்லாம் கணக்குக் கேட்காம விடுமா?

2000ல் பந்தை 38லிருந்து 40 மி.மீ. ஆக்கினாங்க. வேகம் குறைஞ்சா பார்க்கிறவங்களுக்கு நல்லதுன்னு காரணம். 2008ல் வேகம் கூட்டுற பசைக்குத் தடை, அதுல இருந்த கரைப்பான்கள் உடம்புக்குக் கெடுதல்னு. 2014ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து, சுழற்சி இன்னும் குறைஞ்சுது. ஒவ்வொண்ணுக்கும் நியாயம் இருக்கு. ஆனா பந்தும் பசையும் கொடுத்துக்கிட்டிருந்த வேகத்தை இப்போ தசைதானே கொடுக்கணும்? நுரையீரலைக் காப்பாத்தி, பில்லைத் தோள்பட்டைக்கு அனுப்பிட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

சீனாவின் மா லாங் 2019ல் முழங்கால் அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்டார். 2021ல் டோக்கியோவில் மறுபடி ஒற்றையர் தங்கம் வாங்கி, ரெண்டு முறை அதை வென்ற முதல் ஆண் ஆனார். எல்லாருக்கும் அப்படி அமையலை. 2019 உலக சாம்பியன் லியு ஷிவென், அதே டோக்கியோவில் கலப்பு இரட்டையர் வெள்ளியோட நின்னுட்டாங்க. முழங்கை ஒத்துழைக்கலை. குழுப் போட்டியில் அவங்க இடத்துல வாங் மான்யு ஆடினாங்க, சீனா தங்கம் வாங்கிச்சு. தன் இடத்துல வேறொருத்தர் நிக்கறதைப் பார்க்கிறதைவிடப் பெரிய வலி உண்டா?

என் தோளுக்குக் காரணம் பிளாஸ்டிக் பந்து இல்லைங்க. உடம்பைச் சூடேத்தாம நேரா ஸ்மாஷ் அடிச்ச சோம்பேறித்தனம். உங்களுக்கு இப்படி அனுபவம் உண்டா? பின்னூட்டத்துல சொல்லுங்க, என் நண்பருக்குக் காட்டணும்.