ஒன்ஸ் மோர்: கொட்டகையில் எழுந்த ஒரு குரலின் வரலாறு

தமிழ் நாடகத்தைப் பற்றி நம்மிடம் உள்ள நூல்களில் நாடகம் எழுதியவர் இருக்கிறார், நடித்தவர் இருக்கிறார், கம்பெனி நடத்திக் கடன்பட்டவரும் இருக்கிறார். விடியவிடியக் கண்விழித்து அதைப் பார்த்தவர் மட்டும் பெரும்பாலும் இல்லை. இது புதிய குறையும் அன்று. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று தச்சனுக்குச் சொல்வது போல அளவு சொல்லும் இளங்கோவடிகள், அந்த அரங்குக்கு எதிரே இருந்தவர்களில் சோழ மன்னனைத்தான் நமக்குக் காட்டுகிறார். மாதவி தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் பெற்றாள். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். உரையாசிரியர்களிடமும் அதற்கு விடை இல்லை.

மற்றவர்கள் வாய்திறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது. அவர்கள் சொன்ன சொல் தமிழ்ச்சொல்கூட அன்று: 'ஒன்ஸ் மோர்'. பார்சிக் கம்பெனிகளும் மராட்டியக் கம்பெனிகளும் கொட்டகை, திரைச்சீலை, நுழைவுச்சீட்டு ஆகியவற்றோடு தென்னாட்டுக்கு வந்தபோது இந்தக் குரலும் கூடவே பரவியது. ஆங்கிலேயர் தம் அரங்குகளில் 'என்கோர்' என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கூவ, நம் நாட்டார் ஆங்கிலச் சொற்களைக் கொண்டே தமக்கென்று ஒரு கூவலை ஆக்கிக்கொண்டார்கள் என்பது மொழி மாணவருக்குச் சுவையான செய்தி. மராட்டிய மேடையிலும் இதே சொல்தான்.

தெருக்கூத்தில் பார்வையாளர் ஊரார். கூத்தாடிக்கு நெல் அளப்பவர். கோயில் திருவிழாவின் ஒரு பகுதி. கொட்டகையிலோ அவர் காசு கொடுத்து உள்ளே வந்தவர். தரையில் அமர்ந்தாலும், பெஞ்சில் அமர்ந்தாலும், கொடுத்த காசுக்கு ஒரு பாட்டை இரண்டாம் முறை கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று நினைத்தார். கதை நின்றுபோவது பற்றிக் கவலையில்லை. செத்துக் கிடந்த லோகிதாசன் ரசிகர்கள் கேட்டதற்காக எழுந்து மறுபடி பாடிவிட்டுப் படுத்துக்கொண்டான் என்பது போன்ற கேலிக்கதைகள் அந்தக் காலத்தைப் பற்றி நிறைய வழங்குகின்றன. கேலி கிடக்கட்டும். லோகிதாசன் செத்தான் என்று அழுதவரும், அவன் எழுந்து பாடட்டும் என்று கூவியவரும் ஒரே மனிதர்தான். அவர் நாடகம் புரியாதவர் அல்லர். நாடகத்தை வேறு விதமாகப் புரிந்துகொண்டவர்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இந்த ரசிகரை அறிந்து எழுதியவர். அவருடைய நாடகங்களில் பாட்டும் விருத்தமும் தர்க்கமும் நடிகருக்கு விரித்துக்கொள்ள இடம் தருவன. பம்மல் சம்பந்த முதலியார் எதிர்த்திசையில் நடந்தார். சென்னைக்கு வந்த பல்லாரிக் குழுவினரின் தெலுங்கு நாடகங்களை 1891இல் பார்த்த அனுபவமே தம்மை மேடைக்கு இழுத்தது என்று அவருடைய 'நாடக மேடை நினைவுகள்' சொல்கிறது. அவ்வாண்டிலேயே சுகுண விலாச சபை பிறந்தது. அதுவரை தமிழ் நாடகங்களைக் கண்டு அவருக்கு மதிப்பு உண்டானதில்லை. ஆக, நாம் 'நாடகச் சீர்திருத்தம்' என்று பாடநூலில் எழுதுவது பார்வையாளர் ஒருவரின் மனக்குறையில் தொடங்கியது. உரைநடை வசனம், குறைந்த பாட்டு, சில மணி நேரத்தில் முடியும் ஆட்டம் ஆகியவை மேடைக்கு மட்டுமல்லாமல் கொட்டகையில் அமர்ந்தவர்களுக்கும் சொன்ன பாடங்கள். வாயை மூடிக்கொண்டு முழுக்கதையையும் பார் என்பது அவற்றின் பொருள். படித்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். மதுரைப் பக்கத்துக் கொட்டகைகள் கற்றுக்கொள்ளவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஏனெனில், விசுவநாததாஸின் கதையை அந்தக் கொட்டகைகள் இல்லாமல் எழுத முடியாது. சிவகாசியில் 1886இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த அவர் மருத்துவர் என்று வழங்கும் நாவிதர் சமூகத்தவர். அவரோடு ஜோடியாக நடிக்கப் பெயர்பெற்ற நடிகையர் சிலர் மறுத்தனர், காரணம் சாதி. அவரோ வள்ளி திருமணத்தில் முருகனாகவும் வேடனாகவும் வந்து, தினைப்புனத்தில் பறவை ஓட்டும் பாட்டில் வெள்ளைக் கொக்கைப் பாடுகிற பாவனையில் வெள்ளையரைப் பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிய தேசியப் பாடல்கள் புராண நாடகங்களுக்கு நடுவே புகுந்தன. கதருடுத்து மேடையேறினார், திரும்பத் திரும்பச் சிறை சென்றார்.

இங்கே 'ஒன்ஸ் மோர்' என்ன ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள். கொட்டகையின் ஓரத்தில் காவலர் நிற்கிறார். தடைக்குரிய பாட்டு ஒருமுறை பாடப்பட்டாயிற்று. முதல் முறை பாடியது நடிகரின் துணிவு. இரண்டாம் முறை பாடச் சொல்வது யார்? இருட்டில் அமர்ந்திருக்கும் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள். சட்டத்தின் கண்ணில் ஒவ்வொரு ஒன்ஸ் மோரும் அதே குற்றத்தை மறுபடி செய்யத் தூண்டும் குரல். விலங்கு பூட்டப்படுவதோ ஒருவருக்கு மட்டும். கூட்டம் பாட்டோடு சேர்ந்து தானும் ஒரு குற்றத்தைச் செய்தது என்று பெருமைப்படலாம். தண்டனையைப் பங்கிட்டுக்கொள்ளாமல் பெருமையை மட்டும் பங்கிட்டுக்கொண்டது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை என்றே நான் கருதுகிறேன். இன்னும் ஒன்று: தெருவில் தள்ளி நிறுத்திய சாதியைச் சேர்ந்த ஒருவரை மேடையில் முருகனாக ஏற்று, இன்னொருமுறை பாடும்படி கெஞ்சிய அதே ஊர், விடிந்தபின் அவரைத் தன் வீட்டுத் திண்ணையில் அமர்த்தியிருக்குமா? நம் நாடக வரலாறுகள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அவரைத் தியாகி என்று வணங்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். உடல்நலம் குன்றிய நிலையில், மயில் மீதமர்ந்த முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே விசுவநாததாஸ் மேடையில் உயிர்நீத்தார்.

செங்கோட்டை கிட்டப்பாவின் குரலுக்கு இருந்த கிராக்கி வேறு வகை. அரசியலன்று, அது இசைவெறி. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய உச்சத்தாயிக் குரல் அவருடையது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து மேடையேறிய ஆண்டுகள் மிகச் சில. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. அந்தக் குரலில் நமக்கு எஞ்சியிருப்பவை கிராமபோன் தட்டுகள். தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். ஊசியைத் தூக்கி மறுபடி ஓரத்தில் வைத்தால் கிட்டப்பா மறுபடி பாடுவார். அவருக்குத் தொண்டை வலிக்காது, மறுக்கவும் மாட்டார். மனிதரிடம் கேட்காமலே ஒன்ஸ் மோர் பெறும் வழி அன்று பிறந்தது. கேட்பவருக்கு இது பெரும் பேறு. ஆனால் பாடுகிறவர் கேட்பவரின் முகத்தைப் பார்த்து இரண்டாம் முறை வேறு விதமாகப் பாடுவாரே, அது தட்டில் இல்லை.

பேசும்படம் இந்தக் கயிற்றை முற்றிலும் அறுத்தது. 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி மேடையிலிருந்து வந்தவர். பாடல்கள் எழுதியவர் அதே பாஸ்கரதாஸ். காளிதாசன் கதையில் காந்தியின் ராட்டினத்தைப் பற்றிய பாட்டு எப்படி வந்தது என்று இன்று சிரிக்கிறோம். நாடகக் கொட்டகையில் பழகியவருக்கு அதில் வியப்பேதும் இருந்திருக்காது. 1934இல் கே. சுப்பிரமணியம் எடுத்த 'பவளக்கொடி'யில் சுமார் 50 பாடல்கள். ரசிகர் எங்கெல்லாம் கூவுவார் என்று முன்கூட்டியே கணக்கிட்டு நிரப்பியது போல இருக்கிறது அந்த எண்ணிக்கை. திரையில் வரும் தியாகராஜ பாகவதரைக் கூவி நிறுத்த முடியாது. ரசிகர் வேறு வழி கண்டார்: மறுநாள் மறுபடி சீட்டு வாங்கினார். 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது என்றால், அது ஊர் முழுவதும் சேர்ந்து இரண்டாண்டுகள் கூவிய ஒன்ஸ் மோர் அன்றி வேறென்ன? ஆனால் அந்த ஓட்டத்தின் பெரும்பகுதிக் காலத்தில் பாகவதர் கொலைவழக்கில் சிறைப்பட்டுக் கிடந்தார். கூட்டத்தின் குரல் அவரை எட்டவில்லை. எட்டவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இதே காலத்தில்தான் பார்வையாளர் எழுதவும் தொடங்கினார். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியைச் சொல்கிறேன். ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றுச் சுந்தராம்பாள் நடித்த 'பக்த நந்தனார்' (1935) படத்தைப் பார்த்துவிட்டு, நடிகர்களைக் காட்டிலும் மரத்துக்கும் கால்நடைக்கும் அவர் வழங்கிய பாராட்டுப் பெயர்பெற்றது. கூவ வழியில்லாத இடத்தில் கிண்டல் பிறக்கிறது. இன்றைய திரைவிமரிசகர் கூட்டத்துக்கு மூதாதையர் அவர்தான், நடைதான் தேய்ந்துவிட்டது.

அறுந்த கயிற்றை முடிச்சுப்போட்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் எம்.ஆர். ராதாவைச் சொல்வேன். 'ரத்தக்கண்ணீர்' 1954இல் படமானது. படமான பின்னும் அதை அவர் மேடையில் நடத்திக்கொண்டிருந்தார். ஏன் என்பதற்குப் படமே விடை. படத்தில் மோகனசுந்தரத்தின் பேச்சு அச்சில் வார்த்தது போல என்றும் ஒன்றே. மேடையிலோ அன்றைய செய்தித்தாளும், முன்வரிசையில் எழுந்த முணுமுணுப்பும் வசனத்துக்குள் வந்தன. தம் இராமாயண நாடகத்துக்கு மனம் புண்படுவோர் வரவேண்டாம் என்று விளம்பரம் செய்தவர் அவர். எதிரே இருப்பவர் வெறும் இருட்டன்று, பதில் சொல்லவேண்டிய ஓர் ஆள் என்ற நினைவு அதில் இருக்கிறது. அரசு அதே 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்ததில் வியப்பில்லை.

எழுபதுகளின் இறுதியில் சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையும் மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் புறப்பட்டன. கூத்திலிருந்து உடல்மொழியை எடுத்துக்கொண்டவர்கள் கூத்தின் ரசிகரை எடுத்துக்கொள்ளவில்லை. நவீன நாடகம் பார்க்கப் போகிறவர்கள் நாம் எவ்வளவு நல்ல பிள்ளைகள்! இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறோம். முடிந்தபின் கலந்துரையாடலில் கேள்வி கேட்கிறோம், அதுவும் கேள்வியாக இராமல் உரையாக இருக்கிறது.

அண்மைத் திரைப்படங்கள் மேடையைத் திரும்பிப் பார்க்கின்றன என்பது மகிழ்ச்சி தருகிறது. வசந்தபாலனின் 'காவியத்தலைவன்' (2014) பாய்ஸ் கம்பெனிக் காலத்தை அக்கறையோடு எழுப்பிக் காட்டியது. இருந்தும் அதில் ரசிகர் கூட்டம் பெரும்பாலும் கைதட்டும் பின்னணியாகவே நிற்கிறது; நடிகர்களிடையே மூளும் பொறாமைக்குக் கூட்டம்தான் நெருப்பு என்பது பின்னுக்குப் போய்விட்டது. பாரி இளவழகன் எழுதி இயக்கி நடித்த 'ஜமா' (2024) என்னை அதிகம் தொட்டது. திருவண்ணாமலைப் பகுதிக் கூத்துக்குழுவில் பெண்வேடம் கட்டும் கல்யாணம் அர்ச்சுனன் வேடம் கட்டவும் ஜமா நடத்தவும் தவிக்கிற கதை. பூசிய அரிதாரத்தோடு ஒருவன் ஊரின் பார்வைக்குள் எப்படி மாட்டிக்கொள்கிறான் என்பதை அப்படம் உணர்ந்திருக்கிறது. ஊர் கூத்தில் அவனைக் கொண்டாடுகிறது, மறுநாள் அவன் நடையைக் கேலி செய்கிறது. விசுவநாததாஸுக்குப் பிறகு பழக்கம் அதிகம் மாறவில்லை.

அதே 2024 ஏப்ரலில் 'கில்லி' இருபதாண்டுக்குப் பின் மறுபடி திரைக்கு வந்தபோது, கூட்டம் கூவக் கூவ ஆட்டப்பாட்டை அரங்குக்காரர்கள் மறுபடி ஓட்டினார்கள். என் மாணவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். மகிழட்டும். ஆனால் அங்கே கூட்டம் கேட்டது திரையில் ஆடியவரிடமன்று, பெட்டிக்குள் இருந்த கருவியை இயக்கியவரிடம்.

மேடையில் அது இன்னும் முடிந்துவிடவில்லை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் பங்குனி தொடங்கிக் கோயில் விழாக்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகை இல்லாமல் அந்த ஓர் இரவுக்காக மேடையில் சந்திக்கிறார்கள். பெருந்தொற்றின் 2020, 2021 ஆகிய இரண்டு பருவங்களில் இவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. சென்ற பங்குனியில் திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வள்ளி திருமணம் பார்த்தேன். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் யூடியூபுக்காகப் படம்பிடிப்பவர் முக்காலி நாட்டியிருந்தார். பபூன் காமிக் முடிந்ததும் இளைஞர் பாதிப்பேர் எழுந்துபோனார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் தொடங்கியபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மிச்சமிருந்தவர் பெரும்பாலும் பெண்கள், போர்வை சுற்றிய முதியவர்கள்.

நாரதர் வேடக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு விருத்தத்தை மேலே எடுத்து நிறுத்தினார். முன்னால் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி, "வாத்தியாரே, அத இன்னொருக்கா" என்றார். ஆங்கிலம் உதிர்ந்து போயிருந்தது. நாரதர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "ஐயா, நேத்தும் நாடகம், நாளைக்கும் நாடகம்." பெரியவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயை எடுத்துப் பேரனிடம் கொடுத்தனுப்பினார். நாரதர் அன்பளிப்பு அறிவிப்பைச் சொல்லி, பெரியவரின் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் ஒலிபெருக்கியில் வாழ்த்தினார். பிறகு ஆர்மோனியக்காரரைப் பார்த்து ஒரு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். ஆர்மோனியக்காரர் சுருதியை ஒரு கட்டை இறக்கினார்.